மோதலும் ஓய்வும்: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதலில், எந்த ஆட்டத்தைப் பற்றிய பதில்கள் இவை?

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டி ஆடும் கற்பனை உலக ஆட்டங்களில் மூத்தது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்தது. இங்கே பெரும்பாலும் அதன் ஐந்தாம் பதிப்பைத்தான் பேசுகிறேன்: 2014இல் வந்த விதிகள், 2024இல் வந்த திருத்தம். ஆட்டத்தை நடத்துபவரை ஆடுபவர்கள் அழைப்பதுபோல டி.எம். (டன்ஜன் மாஸ்டர்) என்றே எழுதுகிறேன். சண்டையோ, பொறியோ, வெள்ளம் பெருகிய ஆறோ, குழுவின் கையிருப்பை (உயிர்ப்புள்ளி, மந்திரம், சிறப்பு ஆற்றல்) கரைக்கும் எதுவும் எனக்கு மோதல்தான். சிறு ஓய்வு என்பது ஒரு மணி நேரம் உட்கார்ந்து காயத்துக்குக் கட்டுப்போடுவது; நீண்ட ஓய்வு என்பது எட்டு மணி நேரம், அதாவது இரவுத் தூக்கம்.

புத்தகக் கணக்குப்படி 'கடினம்' என்று அமைத்த சண்டையை என் வீரர்கள் இரண்டே சுற்றில் முடித்துவிட்டார்கள். கணக்கில் எங்கே பிழை?

கணக்கில் பிழை இருக்காது. அன்று காலையிலிருந்து அந்தச் சண்டை வரை என்ன நடந்தது என்று பாருங்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றால் காரணம் கிடைத்துவிட்டது.

தூங்கி எழுந்த கையோடு சண்டைக்கு வரும் குழுவிடம் எல்லாமே நிறைந்திருக்கிறது. அன்றைக்கு வேறு சண்டை வராது என்பதும் அவர்களுக்குத் தெரிந்துவிட்டால், மிச்சம் பிடிக்கக் காரணமே இல்லை. பாலடின் (தெய்வ அருள் பெற்ற வீரர்) ஒவ்வொரு வெட்டிலும் தன் தெய்வ ஆற்றலைக் கொட்டுவார். விசார்ட் (மந்திரவாதி) தன் மிகப் பெரிய மந்திரத்தை முதல் சுற்றிலேயே வீசுவார். எந்த எதிரியும் அதற்கு முன்னால் நிற்க மாட்டான்.

ஐந்தாம் பதிப்பு எடைபோடுவது ஒரு நீண்ட ஓய்விலிருந்து அடுத்த நீண்ட ஓய்வு வரையிலான முழு நாளை. 2014ஆம் ஆண்டின் டி.எம். கையேடு சொல்லும் எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நிலையில் (நிலை என்பது ஆட ஆடப் பாத்திரம் ஏறும் படி) இருக்கும் ஒருவர் ஒரு நாளில் 1,200 அனுபவப் புள்ளி (எதிரியை வென்றால் கிடைக்கும் மதிப்பெண்) மதிப்புள்ள எதிரிகளைத் தாங்குவார். நால்வர் குழுவுக்கு 4,800. அதே குழுவுக்கு நடுத்தர மோதல் 600, கடின மோதல் 900. நீங்கள் வைத்த கடினமான சண்டை அவர்களுடைய ஒரு நாள் தாங்குதிறனில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

அப்படியானால் ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மோதல் வைத்தே ஆக வேண்டுமா?

2014 கையேடு அப்படித்தான் சொன்னது: நடுத்தரமும் கடினமுமாக ஆறு முதல் எட்டு, நடுவில் இரண்டு சிறு ஓய்வுகள். 2024 கையேடு இந்த நாள் கணக்கைக் கைவிட்டு, தனித்தனி மோதல்களை மூன்று தரங்களாக மட்டும் பிரித்தது.

நிலவறையில் நடக்கும் கதைக்கு ஆறு மோதல் இயல்பாக வந்துவிடும். அரசவைச் சதியிலோ கடற்பயணத்திலோ ஒரே நாளில் ஆறு சண்டை வைத்தால் கதை நாறிப்போகும். எனக்குச் சரியாக அமைவது மூன்று அல்லது நான்கு, ஆனால் ஒவ்வொன்றும் கனமானது. நாளின் மொத்தம் 4,800க்கு அருகில் வந்தால் போதும், அதை எத்தனை துண்டாக வெட்டுகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. மூன்று துண்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் 1,600. மூன்றாம் நிலைக் குழுவுக்கு அது 2014 அட்டவணையில் 'உயிராபத்து' என்ற தரத்தின் வாசல். அதற்குக் குறைவான எண்ணிக்கையில் வெட்டத் துணிய வேண்டாம். ஒரே துண்டாக வைத்தால், யார் முதலில் பகடையில் முந்துகிறார்களோ அவர்கள் பக்கம் முழுச் சண்டையும் சாய்ந்துவிடும்.

சிறு ஓய்வை என் குழு எடுப்பதே இல்லை. அதனால் என்ன நஷ்டம்?

குழுவில் சிலருக்குப் பெரிய நஷ்டம். மூன்றாம் நிலை விசார்டிடம் ஒரு நாளைக்கு ஆறு மந்திர இடங்கள் உண்டு (ஓர் இடத்தைச் செலவழித்து ஒரு மந்திரம் போடலாம்). அதே நிலையில் வார்லாக்கிடம் (வேற்றுச் சக்தியோடு ஒப்பந்தம் செய்துகொண்ட மந்திரவாதி) இருப்பவை இரண்டே இரண்டு. ஆனால் ஒவ்வொரு சிறு ஓய்விலும் இரண்டும் திரும்பிவிடும். நாளுக்கு இரண்டு சிறு ஓய்வு எடுத்தால் வார்லாக்கும் ஆறு மந்திரம் போடுவார், விசார்டும் ஆறு போடுவார். சிறு ஓய்வே இல்லையென்றால் ஆறுக்கு இரண்டு. விதிகளை எழுதியவர்கள் இரண்டு சிறு ஓய்வை மனதில் வைத்தே இந்தத் தராசைப் பிடித்தார்கள் என்பது இந்த எண்ணிலேயே தெரிகிறது. (விசார்டுக்கு நாளில் ஒரு முறை சிறு ஓய்வில் கொஞ்சம் மந்திரம் மீளும், அதைச் சேர்த்தாலும் படம் பெரிதாக மாறாது.)

ஃபைட்டருக்கும் (போர்வீரர்) மாங்குக்கும் (தற்காப்புக் கலைத் துறவி) இதே கதை. ஃபைட்டர் ஒரு சுற்றில் கூடுதலாக ஒரு செயல் செய்யும் ஆற்றல் ஒவ்வொரு சிறு ஓய்விலும் புதுப்பிக்கப்படுகிறது. "என் ஃபைட்டர் விசார்டுக்குப் பக்கத்தில் மங்கலாகத் தெரிகிறான்" என்று யாராவது முறையிட்டால், பாத்திரத்தைத் திருத்துவதற்கு முன் ஓய்வுகளை எண்ணிப் பாருங்கள்.

குழு சிறு ஓய்வைத் தவிர்ப்பதற்குப் பெரும்பாலும் டி.எம்.தான் காரணம். ஒரு மணி நேரம் உட்கார இடமும் நேரமும் இல்லாதபடி கதையை ஓட்டிவிடுகிறோம். கதவைத் தாழிடக்கூடிய ஓர் அறை, காவலர் மாறும் இடைவெளி, மழைக்கு ஒதுங்கும் பாறைக்குகை. இப்படி ஒன்றை இரண்டாவது மோதலுக்குப் பின் வரைபடத்தில் வைத்துவிடுங்கள். இருப்பதைப் பார்த்தால் பயன்படுத்துவார்கள்.

எதிரியின் வலிமை முக்கியமா, எண்ணிக்கை முக்கியமா?

எண்ணிக்கை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2014 அரக்கர் கையேட்டில் ஓகர் என்ற பேரரக்கனின் மதிப்பு 450 புள்ளி. காப்ளின் என்ற குட்டி அரக்கனின் மதிப்பு 50. ஒன்பது காப்ளின்களைக் கூட்டினாலும் அதே 450 வருகிறது. இப்போது மேசைக்கு வாருங்கள். கவச எண் (பகடையும் தாக்குபவரின் கூட்டெண்ணும் சேர்ந்து எட்ட வேண்டிய எண்) 16 உள்ள வீரனை ஓகர் அடிக்க இருபதுமுகப் பகடையில் 10 அல்லது மேல் விழ வேண்டும். பட்டால் சராசரியாக 13 சேதம். சுற்றுக்குச் சராசரியாக 7. ஒரு காப்ளினுக்கு 12 விழ வேண்டும், பட்டால் 5 சொச்சம். ஆனால் பகடை ஒன்பது முறை உருள்கிறது. சராசரியாக நான்கு அடி விழும், சுற்றுக்கு ஏறத்தாழ 22. ஓகர் கொடுப்பதைப்போல மூன்று மடங்கு. மூன்றாம் நிலை விசார்டுக்கு இருபது உயிர்ப்புள்ளி இருந்தாலே அதிகம். ஒன்பதும் அவரையே குறிவைத்தால் அவர் முறை வருவதற்குள் தரையில் கிடப்பார்.

இதனால்தான் 2014 கையேடு எண்ணிக்கைக்கு ஒரு பெருக்கல் வைத்தது: இரண்டு எதிரிகள் என்றால் ஒன்றரை மடங்கு, மூன்று முதல் ஆறு வரை இரண்டு மடங்கு, ஏழு முதல் பத்து வரை இரண்டரை மடங்கு. ஒன்பது காப்ளின்களின் 450 அப்போது 1,125 ஆகிறது. மூன்றாம் நிலை நால்வருக்கு அது கடின மோதல். ஓகர் ஒன்றே வந்தால் எளிய மோதல். 2024 கையேடு இந்தப் பெருக்கலை எடுத்துவிட்டது. கணக்குப் போடுவது சுலபமாகியிருக்கிறது, ஆனால் கூட்டமாக வரும் எதிரிகளைப் பொறுத்தவரை நான் இன்னும் பழைய பெருக்கலை ஓரமாக எழுதிப் பார்த்துவிட்டுத்தான் மேசைக்குப் போகிறேன்.

ஒரே ஒரு பெரிய எதிரி சப்பென்று முடிந்துபோகிறானே?

மேலே சொன்னதன் மறுபக்கம். நால்வர் குழு சுற்றுக்கு நான்கு முறை செயல்படுகிறது, அவன் ஒரு முறை. மயக்கும் மந்திரம் ஒன்று பலித்தால் அந்த ஒரு முறையும் போய்விடும். டிராகன் போன்ற பெரும் எதிரிகளுக்கு, பிறர் முறை முடிந்ததும் செய்யும் 'லெஜெண்டரி' செயல்களும், தோற்றுப்போன தற்காப்புப் பகடையை வெற்றியாக மாற்றிக்கொள்ளும் ஆற்றலும் விதியிலேயே இருப்பது இதற்காகத்தான். அவை இல்லாத எதிரி என்றால் கூடவே நான்கைந்து அடியாட்களைச் சேருங்கள். அல்லது அவன் இருக்கும் மாளிகை வாசலை அடைவதற்குள் குழுவின் கையிருப்பில் பாதி தீர்ந்திருக்கும்படி பாதையை அமையுங்கள். எனக்கு இரண்டாவது வழியே பிடிக்கும். கடைசி மந்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பவர்கள் அந்த எதிரியைப் பார்க்கும் பார்வையே வேறு.

ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் தூங்கப் போகிறார்கள். எப்படித் தடுப்பது?

தடுக்காதீர்கள். தூங்கினால் என்ன போகும் என்பதை முன்கூட்டியே அவர்களுக்குத் தெரியும்படி வையுங்கள்.

தூங்குகிறவர்களைக் குற்றம் சொல்வதில் நியாயம் இல்லை. உயிர் பிழைக்க விரும்பும் எவரும் அப்படித்தான் செய்வார். எட்டு மணி நேரம் படுத்து எழுந்தால் உயிர்ப்புள்ளிகள் அனைத்தும், மந்திர இடங்கள் அனைத்தும் திரும்புகின்றன. விலை எதுவும் இல்லை. விலையில்லாத பொருளை யார் வேண்டாம் என்பார்? இருபத்து நான்கு மணி நேரத்துக்கு ஒரு நீண்ட ஓய்வுதான் பலன் தரும் என்ற விதி இருக்கிறது. அதை மட்டும் நம்பினால், குழு கதவைச் சாத்திக்கொண்டு மறுநாள் வரை காத்திருக்கும், அவ்வளவுதான்.

என் மேசையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மலைக் கிராமத்தின் சுரங்கத் தொழிலாளர் ஆறு பேரை கோபோல்டுகள் பிடித்துப் போயிருந்தன. ஒவ்வொரு விடியலிலும் ஒருவரைப் பலியிடும் என்று தப்பி வந்த கிழவர் ஒருவர் குழுவிடம் சொன்னார். கிராமத்திலிருந்து கிளம்பும் முன்பே ஆறு பெயர்களையும் ஓர் அட்டையில் எழுதி மேசை நடுவில் நிற்க வைத்தேன். இரண்டாவது மோதல் முடிந்தபோது விசார்டிடம் ஒரே ஒரு முதல்நிலை மந்திரம் மிச்சம். கிளெரிக்கிடம் (பூசாரி) அதுவும் இல்லை. வழக்கம்போல ஒருவர் "படுத்துவிடலாம்" என்றார். இன்னொருவர் எதுவும் பேசாமல் அட்டையைத் தன் பக்கம் திருப்பி முதல் பெயரைப் படித்தார். பத்து நிமிடம் வாதாடினார்கள். நான் வாய் திறக்கவில்லை. கடைசியில் எழுந்து நடந்தார்கள். மந்திரம் தீர்ந்த விசார்ட் விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். சுரங்கத்தில் கிடந்த எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றைச் சரிவில் உருட்டிவிட்டுத் தீ வைத்தார். அந்த ஆண்டு முழுக்க அவர் போட்ட எந்த மந்திரத்தையும்விட அந்தப் பீப்பாயைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அவர்கள் தூங்கியிருந்தால்? தூங்கியிருக்கலாம். ஒரு பெயரை அடித்திருப்பேன், கதை தொடர்ந்திருக்கும். அந்த முடிவு அவர்களுடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம். விலையை மறைத்து வைத்துவிட்டு, தூங்கி எழுந்த பிறகு "ஒருவர் செத்துவிட்டார்" என்று சொல்வது நேர்மையில்லை.

எப்போதும் உயிரையே பணயம் வைக்கத் தேவையில்லை. போட்டிக்குழு ஒன்று அதே புதையலை நோக்கி நடக்கிறது. எதிரிகள் வாசலில் தடுப்பு கட்டிக் காவலை இரட்டிப்பாக்குகிறார்கள். மலைக்கணவாயைப் பனி மூடப் போகிறது. சில சமயம் எந்த விலையும் வேண்டாம். நன்றாகப் போராடி வந்தவர்கள் நிம்மதியாகத் தூங்கட்டும்.

இரவில் தாக்கினால் ஓய்வு கெடும் அல்லவா?

பலர் நினைக்கும் அளவுக்குக் கெடாது. 2014 விதிப்படி ஒரு மணி நேர நடையோ சண்டையோ போன்ற கடும் உழைப்பு இருந்தால்தான் நீண்ட ஓய்வு முறியும். சண்டைகள் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிகின்றன. 2024 விதி கண்டிப்பானது. யார் முதலில் செயல்படுவது என்று தீர்மானிக்கும் பகடை உருண்டாலே ஓய்வு தடைபடும், ஆனால் கூடுதலாக ஒரு மணி நேரம் படுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஐந்தாம் நிலை வந்துவிட்டால் விசார்ட் பத்தடி ஆரமுள்ள மந்திரக் குடிலைச் சடங்காகவே எழுப்புவார். அது எட்டு மணி நேரம் நிற்கும், மந்திர இடமும் செலவாகாது. அதை உடைக்க இரவுதோறும் தந்திரம் தேடும் டி.எம்.கள் உண்டு. நான் அதைச் செய்ய மாட்டேன். அந்த மந்திரத்தை ஒரு வீரர் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்திருக்கிறார்; அது பலிக்க வேண்டும். குடிலுக்குள் யாரும் வர முடியாது, சரி. வெளியே எதிரி எட்டு மணி நேரம் என்ன செய்துகொண்டிருப்பான் என்று யோசித்தால் போதும்.

எங்கள் கதை நெடும்பயணம். நாளுக்கு ஒரு மோதல் வந்தாலே அதிகம். என்ன செய்வது?

ஓய்வின் நீளத்தை மாற்றுங்கள். 2014 கையேட்டிலேயே மாற்று விதி ஒன்று இருக்கிறது: சிறு ஓய்வு எட்டு மணி நேரம், நீண்ட ஓய்வு ஏழு நாள். காட்டில் ஒரு வாரம் நடந்து, வழியில் நான்கு மோதலைச் சந்தித்து, ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் முழுமையாக ஓய்வெடுக்க முடியும். அதே புத்தகத்தில் இதற்கு நேர் எதிரானதும் உண்டு: சிறு ஓய்வு ஐந்து நிமிடம், நீண்ட ஓய்வு ஒரு மணி நேரம். நாயகர்கள் ஓயாமல் மோதும் கதைக்கு அது.

ஏழு நாள் விதியை எடுப்பதாக இருந்தால் ஆட்டம் தொடங்கும் முன் எல்லோரிடமும் பேசிவிடுங்கள். எட்டு மணி நேரம் நீடிக்கும் கவச மந்திரம் வழக்கமான விதியில் பகல் முழுதும் வரும். ஏழு நாள் விதியில் ஒரு வாரக் கையிருப்பில் ஒரு பகலுக்கு மட்டும் வரும். அதை நம்பி பாத்திரத்தை உருவாக்கியவர் பாதியில் ஏமாறக் கூடாது. நான் கையாளும் நடுவழி ஒன்று உண்டு: காட்டில் படுத்தால் சிறு ஓய்வு, கூரையும் சூடான சோறும் காவலும் உள்ள இடத்தில் படுத்தால் நீண்ட ஓய்வு. கடிகாரத்தைத் தொடவே தேவையில்லை. வழியில் இருக்கும் ஒவ்வொரு சத்திரமும் அப்போது வீரர்களுக்கு அருமையான இடமாகிவிடுகிறது. சத்திரக்காரரின் பெயரைக்கூடக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.

பழைய பதிப்புகளில் இந்தச் சிக்கல் இல்லையா?

வேறு வடிவில் இருந்தது. முதல் அட்வான்ஸ்டு பதிப்பில் ஒரு நாள் ஓய்வுக்கு ஓர் உயிர்ப்புள்ளிதான் மீளும். 1981ஆம் ஆண்டின் பேசிக் பதிப்பில் பத்து நிமிடம் ஒரு திருப்பம். ஆறு திருப்பத்தில் ஒன்றை ஓய்வுக்கு விட வேண்டும், தீப்பந்தம் ஆறு திருப்பத்தில் அணையும், இரண்டு திருப்பத்துக்கு ஒரு முறை டி.எம். ஆறுமுகப் பகடை உருட்டுவார், 1 விழுந்தால் திரியும் அரக்கர் வந்து சேரும். உட்கார்ந்தால் எண்ணெய் எரிகிறது, பகடை உருள்கிறது. ஓய்வின் விலை விதிக்குள்ளேயே இருந்தது. இன்றும் நிலவறைக்குள் இந்தப் பழைய கடிகாரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு, குழுவுக்கு இணையான ஒரு மோதல் கையிருப்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்னும் என்று கணக்கிட்டது. 2008இன் நான்காம் பதிப்பு, ஆற்றல்களை எப்போதும், மோதலுக்கு ஒரு முறை, நாளுக்கு ஒரு முறை என்று பிரித்துச் சிறு ஓய்வை ஐந்து நிமிடமாக்கியது.

வேறு ஆட்டங்கள் இதை எப்படிக் கையாள்கின்றன?

இரண்டைச் சொல்லலாம். 2013இல் வந்த தர்ட்டீன்த் ஏஜ், தூக்கத்தையும் மீட்சியையும் பிரித்துவிட்டது: ஏறத்தாழ நான்கு சண்டைக்கு ஒரு முறை முழு மீட்சி, அவை ஒரே நாளில் நடந்தாலும் ஒரு மாதத்தில் நடந்தாலும் சரி. முன்கூட்டியே வேண்டுமென்றால் கதையில் ஓர் இழப்பை ஏற்க வேண்டும். பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு (2019) வேறு வழியில் போனது. பத்து நிமிடச் சிகிச்சையில் காயம் ஆறும் என்பதால், குழு ஒவ்வொரு மோதலுக்கும் ஏறக்குறைய முழு உடலோடு வரும் என்று கொண்டு, தனி மோதலையே துல்லியமாக எடைபோடுகிறது: நால்வருக்கு நடுத்தரம் 80 புள்ளி, கடுமை 120, உச்சம் 160. நாளுக்கு ஒரு சண்டை நடத்தும் குழுவுக்கு இந்த ஆட்டம் நன்றாகப் பொருந்தும்.

முதல் நிலையில் வீரர்கள் செத்துக்கொண்டே இருக்கிறார்கள். நான் கொடூரமாக நடத்துகிறேனா?

இல்லை. முதல் நிலைக்கு எந்தக் கணக்கும் நிற்காது. எட்டு உயிர்ப்புள்ளி உள்ள விசார்டை ஓகர் அடிக்கிறது. இரண்டு எட்டுமுகப் பகடை, கூட 4. மொத்தம் பதினாறு வந்துவிட்டால், உயிர்ப்புள்ளியைப் பூச்சியமாக்கும் எட்டு போக மீதிச் சேதமும் எட்டு. அவருடைய முழு உயிர்ப்புள்ளிக்குச் சமம். விதிப்படி உடனே மரணம். காப்பாற்றப் பகடைகூடக் கிடையாது. முதல் நிலையில் ஓகரை வைக்காதீர்கள். இரண்டு மோதலுக்கு ஒரு நீண்ட ஓய்வு கொடுங்கள், சீக்கிரம் மூன்றாம் நிலைக்கு ஏற்றிவிடுங்கள்.

சண்டை நடுவில் தவறாகக் கணித்துவிட்டேன் என்று தெரிகிறது. மறைவாகப் பகடையை மாற்றலாமா?

மாற்ற வேண்டாம். விழுந்த பகடை விழுந்ததுதான். வீரர்கள் ஒரு முறை சந்தேகப்பட்டால் பிறகு எந்த வெற்றியும் அவர்களுக்கு இனிக்காது. எதிரிகளிடம் அறிவு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். தலைவன் விழுந்ததும் காப்ளின்கள் சிதறி ஓடும். கொள்ளைக்காரர்கள் பிணத்தைவிடப் பிணைக்கைதியை விரும்புவார்கள். பசித்த ஓநாய் விழுந்தவரை விட்டுவிட்டு கழுதையை இழுத்துப் போகும். குழு தோற்றாலும் கதை நகர இவை எல்லாம் வழிகள்.

வாரத்துக்கு மூன்று மணி நேரம்தான் ஆடுகிறோம். கதையில் ஒரு நாள் முடிய மூன்று வாரம் ஆகிறது. யார் எதைச் செலவழித்தார்கள் என்பதே மறந்துபோகிறது.

ஆட்ட நாளும் அமர்வும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சண்டை நடுவிலேயே நிறுத்திய வாரங்கள் எனக்கு உண்டு. ஆளுக்கொரு சிறிய தாள் வைத்துக்கொள்ளுங்கள். மந்திர இடங்கள், ஓய்வில் உருட்டும் பகடைகள், மீதி உயிர்ப்புள்ளி, மூன்றும் பென்சிலால். அமர்வு முடிந்ததும் தாள்களை நீங்கள் வாங்கி ஒரே உறையில் போட்டு, உறையின் மேல் "இரண்டாம் நாள், மாலை, சிறு ஓய்வு ஒன்று முடிந்தது" என்று எழுதிவிடுங்கள். அடுத்த வாரம் முதல் வேலையாக அதைச் சத்தமாகப் படியுங்கள்.